சொறி எலிக்கு ஒரு கும்பிடு!

2025, அக்டோபர் 6. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நடுராத்திரி. மேரி ப்ரங்கோ என்ற பெண்மணியின் ஃபோன் அடிக்கிறது. ஸ்வீடன் நம்பர். 'எவனோ வேண்டாத ஆசாமி' என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிட்டார். அழைத்தது நோபல் பரிசுக் கமிட்டி!

அவருடைய கூட்டாளி ஃப்ரெட் ராம்ஸ்டெல் மனைவியுடன் மலைக்காட்டில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தார். திடீரென்று மனைவி 'வீல்' என்று அலற, கரடிதான் வந்துவிட்டது என்று மனுஷர் பதறிப்போனார். வந்தது கரடியல்ல, நோபல். மூன்றாவது ஆளான ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி ஒருவர்தான் ஒழுங்காக ஃபோனை எடுத்துப் பேசியவர்.

இந்த மூன்று பேரையும் மேடையேற்றியதில் ஓர் எலிக்குப் பெரிய பங்கு உண்டு. அதுவும் தோல் உரிந்த சொறி எலி!

இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். டென்னஸி மாநிலத்தின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில், கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள எலி வளர்த்தார்கள். 1949-ல் சில ஆண் குட்டிகள் விசித்திரமாகப் பிறந்தன. தோல் செதில் செதிலாக உரிந்தது. மண்ணீரல் வீங்கியது. சில வாரங்களில் செத்தும் போயின. இது கதிர்வீச்சின் கைங்கரியம் இல்லை. தானாக வந்த கோளாறு. 'ஸ்கர்ஃபி' என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் ஆண் குட்டி மட்டும்? கோளாறு எக்ஸ் குரோமோசோமில். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று மக்கர் செய்தாலும் இன்னொன்று சமாளிக்கும். ஆணுக்கு ஒன்றே ஒன்று. ஸ்டெப்னி இல்லாத லாரி!

எலிக்கு என்ன நோய்? கிருமியை அடிக்க வேண்டிய டி-செல்கள் சொந்த உடம்பையே அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தன. ஊர்க்காவலுக்கு வைத்த ஆள் ஊரையே கொளுத்தினால்?

இதற்குக் காரணமான ஜீனை ப்ரங்கோவும் ராம்ஸ்டெல்லும் தேடினார்கள். எலியின் எக்ஸ் குரோமோசோமில் சுமார் 17 கோடி எழுத்துகள். அதை 5 லட்சமாகக் குறுக்கினார்கள். அதில் 20 ஜீன்கள் மிஞ்சின. ஒன்றாவது... இல்லை. இரண்டாவது... இல்லை. பீரோ சாவி எப்போதும் கடைசிப் பையில்தானே இருக்கும்? இருபதாவது ஜீனில் அகப்பட்டது!

வெறும் இரண்டு எழுத்துகள் கூடுதலாக நுழைந்திருந்தன. பி.காம். படித்த எனக்கு இது சுலபமாகவே புரிந்தது. ஜீனை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும். நடுவில் இரண்டு புகுந்தால், லெட்ஜரில் ஒரு வரி தள்ளி எழுதின மாதிரி, அதற்குக் கீழே அத்தனையும் தப்பு. அந்த ஜீன் செய்ய வேண்டிய புரோட்டீன் பாதியில் அறுந்துபோனது. 2001-ல் வெளியான அந்த ஜீனின் பெயர், 'ஃபாக்ஸ்பி3'.

இந்தப் புரோட்டீன் கிருமியோடு நேரடியாகச் சண்டைக்குப் போகாது. டி.என்.ஏ.வைப் பிடித்து உட்கார்ந்து, மற்ற ஜீன்களின் ஸ்விட்சை ஆன், ஆஃப் செய்யும் மேனேஜர் உத்தியோகம். எலியில் அறுந்துபோனது, டி.என்.ஏ.வைப் பிடிக்கிற அந்தக் கையேதான்.

இந்த மேனேஜர் எங்கே வேலை பார்க்கிறார்? அதற்கான விடை ஜப்பானில் இருந்தது. மற்ற டி-செல்களை 'போதுமப்பா' என்று அடக்குகிற ஒரு தனி ரகத்தை சகாகுச்சி 1995-லேயே கண்டுபிடித்திருந்தார். அந்த ரகத்தை உருவாக்குவதே ஃபாக்ஸ்பி3 என்று 2003-ல் நிரூபணமானது. டி-செல்கள் பெருக 'இன்டர்லூக்கின்-2' என்ற தீனி வேண்டும். ஃபாக்ஸ்பி3 உள்ள செல், தான் அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டு, அக்கம்பக்கத்தில் இருப்பதை உறிஞ்சிக்கொள்ளும். தீனி குறைந்தால் ரௌடித்தனமும் குறையும்தானே?

சரி, எலி செத்தால் நமக்கென்ன என்கிறீர்களா? ஒரே குடும்பத்தில் பல ஆண் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்ததை 1982-ல் டாக்டர்கள் எழுதி வைத்தார்கள். ஓயாத வயிற்றுப்போக்கு, கைக்குழந்தைக்குச் சர்க்கரை வியாதி, தோல் புண். பெற்ற தாயால் காரணம் தெரியாமல் அழத்தான் முடிந்தது. 'ஐபெக்ஸ்' என்கிற இந்த நோய்க்கும் காரணம் அதே ஜீன்தான் என்று 2001-ல் தெரிந்தது. இன்று ரத்தப் பரிசோதனையில் ஜீனைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எலும்பு மஜ்ஜை மாற்றினால் பிழைக்கிற குழந்தைகளும் உண்டு.

அடக்குகிற செல்களும் எல்லா இடத்திலும் நல்லவர்கள் இல்லை. புற்றுநோய்க் கட்டி இவர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, தன்னை அடிக்க வருகிற செல்களைத் தடுத்துவிடுகிறது. ஆகவே, கட்டியில் இவர்களைக் குறைக்கவும், மூட்டுவாதம் போன்ற வியாதிகளில் கூட்டவும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன.

கடைக்குப் போனால் பொடி, லேகியம், பானம் எல்லாவற்றிலும் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கூட்டுவது மட்டும்தான் ஆரோக்கியம் என்றால், அந்தச் சொறி எலி நூறாண்டு வாழ்ந்திருக்க வேண்டும். அதனிடம் அந்தச் சக்தி ஏகத்துக்கு இருந்தது. இல்லாமல் போனது பிரேக்தான்!