ஆயுத பூசையும் அரிவாளின் ஆபத்தும்

பேராக் ஆறு ஒருபுறமும் பெர்ணம் ஆறு மறுபுறமும் ஓட, முன்னே மலாக்கா நீரிணை விரிந்து கிடக்க, தென்னையும் செம்பனையும் அடர்ந்து நிற்கும் மண் பாகான் டத்தோ. 2017-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக உயர்வு பெற்ற இவ்வட்டாரத்தின் தமிழர் வரலாறு தோட்டங்களோடு பின்னிப் பிணைந்தது. தோட்டப்புறங்களில் நவராத்திரியின் ஒன்பதாம் நாளுக்கென்று ஒரு தனிக் களை உண்டு. டிராக்டருக்கு மாலை சூட்டுவர். பட்டறையின் சாவிகளும் சம்மட்டிகளும் சந்தனம் பூசி நிற்கும். குலை வெட்டும் அரிவாளும் உளியும் கழுவித் துடைக்கப்பட்டு, குங்குமம் இட்டுக் கலைமகளின் முன் வைக்கப்படும். அன்று ஒரு நாள் அவற்றுக்கு ஓய்வு.

சோறு போடும் கருவியை வணங்குவது நன்றியுணர்வின் வெளிப்பாடு. அந்த வணக்கத்தில் ஓர் அச்சமும் கலந்திருந்ததை மூத்தோர் அறிவர். சோறு போடும் அதே அரிவாள் கையையும் கண்ணையும் பறிக்க வல்லது. 'கருவி காவு கேட்கும்' என்னும் பேச்சு பட்டறைகளில் வழங்குவதற்கும் இதுவே காரணம். விபத்து நேர்ந்தால் விதி என்பர். விதியென்று சொல்லத் தயங்குவோர் தொழிலாளியின் கவனக்குறைவு என்பர். இரண்டுமே ஆராய்ச்சியை அத்தோடு நிறுத்திவிடும் பதில்கள். ஆபத்து வேலையின் எந்தப் படியில் ஒளிந்திருக்கிறது என்று தேடும் முயற்சி அதற்குப் பிறகுதான் தொடங்க வேண்டும்.

அம்முயற்சிக்கு வேலை அபாயப் பகுப்பாய்வு என்று பெயர். பெயர் கனமானது, செயல் எளியது. ஒரு வேலையை அது நடைபெறும் வரிசையில் படிப்படியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படியிலும் என்ன தவறு நேரக்கூடும், ஏன் நேரும், நேர்ந்தால் யாருக்கு என்ன ஆகும் என்று கேட்க வேண்டும். பிறகு அந்த ஆபத்தை நீக்க வழி தேட வேண்டும். நம் நாட்டின் வேலையிடப் பாதுகாப்பு சுகாதார இலாகா 2008-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டியும் இதே அடிப்படையில் அமைந்ததுதான். 'ஹிராக்' என்னும் சுருக்கப் பெயரைத் தொழிற்சாலைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் கேட்காதவர் குறைவு.

செம்பனைக் குலை வெட்டும் வேலையையே எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது ஒரே வேலை: மரத்தில் உள்ள குலையைக் கீழே கொண்டு வருவது. செய்வோருக்கு அது பத்து வேலை. கரையோரக் களிமண் நிலமாதலால் நிரைகளுக்கு இடையே நீர்க்கால்வாய்கள் ஓடும். அவற்றின் மேல் போட்ட பலகையில், மழையில் நனைந்த காலணியோடு, தோளில் அரிவாள் பூட்டிய நீண்ட கோலுடன் நடக்க வேண்டும். இன்னும் மரத்தையே தொடவில்லை. அதற்குள் ஓர் ஆபத்து கடந்தாயிற்று.

அடுத்து உதிர்ந்த பழங்களைக் கண்டு குலையின் பக்குவம் அறிவது. பிறகு கோலை நிமிர்த்துவது. மரம் முதிர்ந்து நாற்பது அடி உயர்ந்து நிற்குமானால் கோலும் அதற்கேற்ப நீள வேண்டும். குலையைத் தாங்கி நிற்கும் மட்டையை முதலில் அறுக்க வேண்டும். முள் வரிசை கொண்ட அம்மட்டை நேராக விழுவதில்லை, சுழன்று விழும். அண்ணாந்து பார்க்கும் கண்ணில் தூசும் செதிலும் கொட்டும். அதன் பின்னரே குலைக் காம்பு. இருபது கிலோவுக்கு மேற்பட்ட குலை அந்த உயரத்திலிருந்து வரும்போது எங்கே நிற்பது, எந்தப் பக்கம் விலகுவது, விலகும் வழியில் முன்பு வெட்டிய மட்டை கிடக்கிறதா என்பதே உயிர் காக்கும் கேள்வி. தலைக்கவசம் அணிந்தால் போதும் என்பார் உண்டு. கவசம் வேண்டியதுதான். ஆனால் அக்குலையின் எடைக்கு முன் நெகிழித் தொப்பியை மட்டும் நம்பி நிற்க முடியாது. வெட்டுபவர் நிற்க வேண்டிய இடத்தை முன்கூட்டியே துப்புரவாக்குவதும், உதிரிப் பழம் பொறுக்குபவரை அடுத்த மரத்தடிக்கு அனுப்புவதுமே மெய்யான காப்பு.

உதிரிப் பழம் பொறுக்கியவர் பல காலம் யார்? மனைவி, சில வேளை பிள்ளைகள். எடைக் கணக்கில் கூலி என்னும்போது குடும்பமே ஒரு மரத்தடியில் கூடுவது இயல்பு. ஆகவே ஆபத்தைப் பகுத்துப் பார்ப்பவர் அரிவாளின் கூர்மையோடு கூலிக் கணக்கையும் பார்க்கக் கடமைப்பட்டவர். இன்று அரிவாள் பிடிக்கும் கைகளில் பெரும்பாலானவை இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவை. நம்மவர் பலர் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆள் மாறினார், படிகள் மாறவில்லை.

எல்லாப் படிகளிலும் கொடியது கோலை நிமிர்த்தும் படி. முன்பு கோல் மூங்கிலாக இருந்தது, கனமானது, வளையக்கூடியது. அதனிடத்தில் அலுமினியக் கோல் வந்தது. தோள் வலி குறைந்தது, வேலை விரைந்தது. ஆனால் அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். தோட்டத்தின் ஊடே மின்கம்பி செல்லுமிடத்தில், மட்டைகளையே நோக்கி நிற்கும் கண்ணுக்கு அது தென்படாமல் போனால் போதும். ஒரு சிரமத்தை நீக்க வந்த கருவி, முன்பு இல்லாத மரணத்தையும் உடன் கொண்டு வந்தது. 'கம்பியைப் பார்த்து வேலை செய்' என்ற எச்சரிக்கை நாள் முழுவதும் அண்ணாந்து உழைப்பவருக்கு எவ்வளவு நேரம் காவல் நிற்கும்? கம்பிக்கு அருகில் உள்ள மரங்களை அடையாளமிட்டு ஒதுக்குவதும், அங்கே உயர மரமே இல்லாமல் செய்வதும்தான் வேரோடு களையும் வழி.

இந்த ஆபத்து தோட்டத்திற்கு மட்டும் உரியதன்று, திருவீதிக்கும் உரியது. 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் பெருமானின் சதய விழாத் தேர், உயர் அழுத்த மின்கம்பியில் உரசியது. 11 உயிர்கள் பறிபோயின. அவற்றுள் சிறுவர்களும் அடங்குவர். அண்மையில் சாலை உயர்த்தப்பட்டிருந்ததை ஊர்மக்கள் சுட்டிக்காட்டியதாக அந்நாளைய செய்திகள் கூறின. பல்லாண்டு பழகிய வீதி, பழகிய வடம். ஆனால் தரை மேடானால் தேரும் உயர்கிறது. மேலே கம்பி அதே இடத்தில் நிற்கிறது. சென்ற ஆண்டு நலமே முடிந்தது என்பது இவ்வாண்டிற்குச் சான்றாகாது என்பதை இதைவிடத் துயரமாக எடுத்துக்காட்ட இயலாது. வீதியை ஒரு முறை அளவுகோலுடன் நடந்து பார்த்திருந்தால் எந்தத் திருப்பத்தில் இடைவெளி போதாது என்பது தெரிந்திருக்கும்.

ஆபத்தை அதன் இடத்திலேயே கட்டுப்படுத்திய சான்றும் தேரிடமே உண்டு. 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்ட திருவாரூர் ஆழித்தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுவோர், உருளும் சக்கரத்தின் அருகிலேயே நின்றாக வேண்டியவர். தேரோட்டத்தில் மிக ஆபத்தான பணி அவர்களுடையது. அத்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரங்களும் நீரியல் தடையும் அமைத்துக் கொடுத்த பின், நிறுத்தும் சுமை மனிதக் கையை மட்டும் நம்பியிருக்கவில்லை. முட்டுக்கட்டை இன்றும் உண்டு. ஆனால் அதுவே ஒரே காப்பு என்ற நிலை போயிற்று.

மருந்து தெளிக்கும் வேலையிலும் இதே பாடம், கூடுதல் கசப்போடு. தோட்டங்களில் களைக்கொல்லி தெளித்தவர்களில் பெண்களே மிகுதி. கையுறை, முகமூடி, நீண்ட காலணி என்று பட்டியல் சொல்லப்பட்டது. மலேசிய வெயிலில் அவற்றை அணிந்து நாள் முழுவதும் முதுகில் தொட்டியைச் சுமப்பது எங்ஙனம் என்று எவரும் அணிந்து பார்த்துச் சொல்லவில்லை. தெனாகானித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட அறிக்கை அப்பெண்களின் உடல்நலக் கேடுகளை நாட்டின் முன் வைத்தது. அதே ஆண்டில் பாரகுவாட் நஞ்சுக்குத் தடை அறிவிக்கப்பட்டது, 2006-இல் தளர்ந்தது, 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடையாயிற்று. கையுறை பற்றிய அறிவுரைகள் செய்ய முடியாததை, அந்த நஞ்சையே அகற்றியது செய்தது. இடையில் கழிந்தவை பதினேழு ஆண்டுகளுக்கு மேல்.

சட்டமும் மெல்லவே நடந்து வந்திருக்கிறது. 1991 மே மாதம் சுங்கை பூலோ பட்டாசுத் தொழிற்சாலை வெடிப்பில் 26 பேர் மாண்டதன் அதிர்ச்சிக்குப் பின், 1994-இல் வேலையிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டம் வந்தது. 2022-இல் திருத்தப்பெற்று 2024 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்த அதன் புதிய வடிவம் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் தழுவுகிறது. இடர் மதிப்பீடு செய்வது முதலாளியின் சட்டக் கடமை ஆகிவிட்டது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யுமிடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். சம்பளத்திற்கு ஆள் வைத்திருக்கும் ஆலய நிர்வாகங்களும் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று. அன்னதானக் கூடத்தில் கொதிக்கும் அண்டாவை இருவர் தூக்கிச் செல்லும் வழியும் ஒரு வேலையின் படிதானே.

அத்திருத்தத்தில் தொழிலாளர்கள் அறிந்திருக்க வேண்டிய பிரிவு 26ஏ. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதனை நீக்கத் தவறினால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். விலகியதற்காக அவரைத் தண்டிக்கலாகாது. மின்கம்பிக்கு அடியில் கோலை நிமிர்த்த மறுப்பவருக்குக் கைகொடுக்கும் வரி இது. எனினும் எடைக் கணக்கில் கூலி பெறுபவர் ஒரு மரத்தை விட்டு விலகினால் அம்மரத்தின் குலை அவர் கணக்கில் ஏறாது. அந்த இழப்பை எப்படி ஈடுசெய்வது என்பது தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கமும் மேசையில் அமர்ந்து பேச வேண்டிய கணக்கு. அப்பேச்சுக்கு வேண்டிய விவரம் பாகான் டத்தோவின் நிரைகளில் நாளும் நடக்கும் குலை வெட்டுவோரிடம் இருக்கிறது. எந்த நிரையில் எத்தனை மரம் கம்பிக்கு அருகில் நிற்கிறது என்பதை அவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள்.