டி.வி. போலீசும் வெற்றிலை மையும்



துப்பறியும் தொடர் பார்க்காத வீடு நம்ம ஊரில் உண்டா? அதில் வரும் கம்ப்யூட்டர்களையும் மெஷின்களையும் பார்த்து நாம் வாயைப் பிளக்கிறோம். ஆனால் அவற்றில் பாதி, விஞ்ஞானக் கதைகளில் இருந்து இரவல் வாங்கியவை. எது கதை, எது நிஜம் என்று பார்ப்போமா?

தமிழில் இந்தக் கலவை புதிது இல்லை. எழுத்தாளர் சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' நாவலில் பேய் செய்த கொலையா, ஹோலோகிராம் என்ற ஒளிப்படத்தின் வேலையா என்று கணேஷும் வசந்தும் குழம்புவார்கள். 1990-களில் வந்த 'மர்ம தேசம் – விடாது கருப்பு' தொடரில் ஊரே சாமி கொல்லுது என்று நம்பும். கடைசியில் பிளவுபட்ட ஆளுமை என்ற மனநோயை விளக்கமாகச் சொல்வார்கள். இந்தியில் 1998-ல் தொடங்கிய 'சி.ஐ.டி.' தொடரில் டாக்டர் சாலுங்கே சோதனைக்கூடத்தில் நின்றபடியே பதில் சொல்லிவிடுவார்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இறந்தவர் கண்ணில் கொலையாளி படம்: இது 1902-ல் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'கிப் சகோதரர்கள்' நாவலிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் 'ஃப்ரிஞ்ச்' தொடரிலும் உண்டு. ஜெர்மனியின் வில்ஹெல்ம் கூனே என்ற விஞ்ஞானி 19-ஆம் நூற்றாண்டில் முயலின் விழித்திரையில் ஜன்னல் உருவம் பதிந்திருந்ததைக் காட்டினார். ஆனால் அதற்கு முயலை ஜன்னலையே பார்க்க வைத்து, உடனே கொன்று, விழித்திரையை மருந்தில் ஊறவைக்க வேண்டியிருந்தது. கொலை வழக்குக்கு இது உதவாது.

2. மங்கலான படத்தைப் பெரிசாக்குவது: "ஜூம் பண்ணு" என்றதும் வண்டி நம்பர் பளிச்சென்று தெரியும். டிஜிட்டல் படம் என்பது புள்ளிகளால் ஆனது. மார்கழிக் கோலத்தில் 7 புள்ளி வைத்துவிட்டு 15 புள்ளிக் கோலம் போட முடியுமா? கேமராவில் பதியாத புள்ளியைப் பிறகு கொண்டுவர முடியாது. இப்போது செயற்கை நுண்ணறிவு முகத்தைத் தெளிவாக்கிக் காட்டுகிறதே என்பீர்கள். அது ஊகித்து வரைவது. ஊகம் சாட்சி ஆகாது.

3. உண்மை பேச வைக்கும் ஊசி: சோடியம் பென்டதால் மருந்தை ஏற்றினால் ஆள் பாதி மயக்கத்தில் பேசுவார். உண்மையும் பேசுவார், கற்பனையும் பேசுவார். பொய் கண்டுபிடிக்கும் மெஷின் அளப்பது நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, வியர்வை. பயந்தவருக்கும் இதெல்லாம் மாறும். பரீட்சை ஹாலில் நமக்கே மாறுதே! 2010-ல் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் வழக்கில், ஒருவர் சம்மதம் இல்லாமல் இந்தச் சோதனைகளைச் செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

4. அஞ்சு நிமிஷத்தில் டி.என்.ஏ.: டி.என்.ஏ. கைரேகை முறை நிஜம்தான். 1984-ல் இங்கிலாந்தின் அலெக் ஜெஃப்ரீஸ் கண்டுபிடித்தார். ஆனால் மாதிரியைச் சுத்தம் செய்து, டி.என்.ஏ.வைப் பிரித்து, பெருக்கி, ஒப்பிட வேண்டும். விளம்பர இடைவேளைக்குள் இதெல்லாம் முடியாது.

அப்படியானால் நிஜத் தடயவியல் சாதாரணமா? இல்லவே இல்லை. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாட்டுத் தடய அறிவியல் நிபுணர் பி. சந்திரசேகரன் சிதறிக் கிடந்த துண்டுகளை வைத்து, ஒரு பெண் இடுப்பில் குண்டைக் கட்டி வந்தார் என்று கண்டறிந்தார். மந்திர மெஷின் எதுவும் இல்லை. பொறுமையும் கூர்ந்த கவனமும்தான்.

உங்களுக்குத் தெரியுமா? கைரேகைப் பிரிவு உலகத்துக்கே முன்னோடியாக 1897-ல் கல்கத்தாவில் தொடங்கியது. அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய போலீஸ்காரர்கள் ரேகைகளை வகைப்படுத்தும் முறைக்கு உழைத்தார்கள்.

டி.வி.யில் சும்மா கதைதானே, இதைப்போய் எதுக்கு எழுதணும் என்று கேட்கலாம். காரணம் இருக்கு. எங்க தெருவில் ஒரு வீட்டில் செயின் களவு போச்சு. போலீஸ் வருவதற்கு முன்னால் வந்தவங்க போனவங்க எல்லாரும் பீரோவைத் தொட்டுப் பார்த்தாச்சு. பிறகு யாரோ வெத்திலையில் மை போட்டுப் பார்த்து, "வீட்டுக்கு வந்து போற பொம்பளைதான் எடுத்தது"ன்னு சொன்னாவ. எல்லாரும் அங்கே பாத்திரம் தேய்க்க வந்த அக்காவைப் பார்த்தாவ. ஒரு அண்ணன், "மை எல்லாம் மூடநம்பிக்கை, ஊசி போட்டா உண்மை வந்துரும்"ன்னு சொன்னார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செயின் இன்னும் கிடைக்கவில்லை. அந்த அக்கா எங்க தெருப்பக்கமே வருவதில்லை.

வெத்திலையில் தெரிந்தாலும் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தாலும், "எப்படித் தெரியும்?" என்று கேட்பதுதான் அறிவியல். அப்படிக் கேட்க ஒருத்தர் இருந்தாலும் போதும், குற்றம் செய்யாதவங்க தலை குனிய வேண்டாம்.

ஆகவே நண்பர்களே, களவு நடந்த இடத்தில் எதையும் தொடாதீங்க. சாட்சி இல்லாமல் யார் பேரையும் சொல்லாதீங்க. தொடரை நல்லா ரசிச்சுப் பாருங்க. முடிந்த பிறகு, இதில் எது நிஜம் என்று அறிவியல் டீச்சரிடம் கேளுங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி