டக்கெண்டு ஒரு சத்தம்

கடலோரக் கராஜ் – 9

மஃரிப் தொழுதுவிட்டுப் பள்ளியால் வரும்போது சாச்சாவின் மகன் வளவுக்குள் காரை நிறுத்திவிட்டு நின்றான். பாலமுனை மணலில் பின்சில்லு கொஞ்சம் புதைந்திருந்தது. முகத்தில் சிரிப்பில்லை.

“காக்கா, கிளச்ச விட்டா பின்னுக்கு டக்கெண்டு ஒரு சத்தம் வருது. களியோடப் பாலத்தடியில கியர் மாத்தக்குள்ள நல்லாக் கேக்குது.”

“எத்தின நாளா?”

“மூணு மாசம் இரிக்கும். முந்தி இடைக்கிடைதான் கேட்டது, இப்ப ஒவ்வொரு கியருக்கும் கேக்குது.”

கார் 1990ஆம் ஆண்டு யூனொஸ் ரோட்ஸ்டர். மஸ்டா எம்எக்ஸ்-5 என்று உலகம் அறிந்த இரண்டு இருக்கை வண்டிதான், ஜப்பானுக்குள் அந்தப் பெயரில் விற்கப்பட்டது. 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலில் காட்டினார்கள். அதை உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கிய தொஷிஹிக்கோ ஹிராய், குதிரையும் ஓட்டுபவனும் ஒரே உடம்பு என்ற பழைய ஜப்பானியச் சொல்லையே தன் ஆட்களுக்கு இலக்காக வைத்தார். 2000ஆம் ஆண்டில் 531,890 வண்டிகளோடு கின்னஸ் பதிவேறியது. இந்த வண்டி தம்பி கட்டாரில் உழைத்த காசில் வாங்கியது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இந்த நாட்டில் பழைய வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் பழுது பார்க்கப் பழகிக்கொண்டார்கள். அவனும் பழகினான். அதனால்தான் சத்தம் வந்ததும் விற்கிற யோசனை அவனுக்கு வரவில்லை.

பின்பக்கம் ‘டக்’ என்றால் உடனே டிபரன்சலுக்குள் பல்லுத் தேய்ந்துவிட்டது என்று சொல்லிப் பெட்டியையே மாற்றச் சொல்கிற ஆட்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. மணலில் தென்னம் பலகை விரித்து, அதன்மேல் நாலு ஸ்டாண்ட் வைத்து வண்டியைத் தூக்கினோம். முதலில் நெடுந்தண்டைக் கையால் முன்னும் பின்னும் திருகிப் பார்த்தேன். மூட்டுச் சிலுவைகளில் ஆட்டமில்லை. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் இருக்கவேண்டிய சிறு இடைவெளிதான் தெரிந்தது. பிறகு ஒரு கடப்பாரையை டிபரன்சலின் இறக்கைக்குக் கீழே கொடுத்து மெதுவாக நெம்பினேன். பெட்டி முழுக்க ஒரு விரல் தடிப்புக்கு எழும்பி, விட்டதும் ‘டக்’ என்று இருந்தது. தம்பி மூன்று மாதமாகக் கேட்ட சத்தம் அதுதான்.

இந்த வண்டியின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் அந்த ஒரு விரல் எவ்வளவு பெரிது என்று விளங்கும். கியர்பெட்டியின் வாலையும் டிபரன்சலின் மூக்கையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இறுகப் பிணைக்கிறது. கியர்பெட்டிக்கென்று தனித் தாங்கி கிடையாது. என்ஜினில் தொடங்கிப் பின் டிபரன்சல் வரைக்கும் ஒரே முதுகெலும்பு. அதை முன்னுக்கு இரண்டு என்ஜின் மவுண்ட், பின்னுக்கு இரண்டு டிபரன்சல் புஸ், ஆக நாலே நாலு இறப்பர் தாங்குகிறது. 1.6 லீட்டர் என்ஜினின் உச்ச முறுக்கு 137 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது 3.136 மடங்கு, டிபரன்சலில் இன்னும் 4.3 மடங்கு. பெருக்கினால் 1,850க்குக் கிட்ட வரும். சில்லை முன்னுக்குத் திருப்புகிற அதே வலு, பெட்டியின் மூக்கை மேலே தூக்கப் பார்க்கும். கிளச்சை விடும் ஒவ்வொரு தடவையும் அந்த வலுவை வாங்கி ஆற்றுவது இந்த இறப்பர்தான். முப்பத்தைந்து வருடம் அது வாங்கியிருக்கிறது.

இறப்பர் ஏன் சாகிறது? வயது ஒரு காரணம். காற்றிலுள்ள ஓசோன் இழுபட்ட இறப்பரில் நுண்ணிய வெடிப்புகளைப் போடும். வெயில் சூடு அதை இறுக்கும். ஆனால் இயற்கை இறப்பருக்குப் பெரிய எதிரி எண்ணெய். டிபரன்சலின் சீல் கசிந்து கியர் ஒயில் புஸ்ஸில் வடிந்தால், இறப்பர் அதைக் குடித்து ஊதிக் களியாகிப் போகும். இந்த வண்டியில் இடது புஸ் அப்படித்தான் போயிருந்தது. வலது புஸ் காய்ந்து, நடு உருக்குக் குழாயிலிருந்து பிரிந்து கிடந்தது. எங்கள் கரையின் உப்புக் காற்று இறப்பரை அவ்வளவாகத் தொடுவதில்லை, அதைச் சுற்றியிருக்கும் உருக்கு ஓட்டைத்தான் தின்கிறது. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் கொஞ்சம் தென்னைதானே நிற்கிறது.

அந்தக் களியைக் கையில் எடுத்தபோது எனக்குக் கவலையாக இருந்தது. ஆசியாவின் இறப்பர்ச் சரித்திரம் தொடங்கியதே நம் நாட்டில்தான். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன விதைகளில் முளைத்த கன்றுகள் 1876இல் கம்பஹாவுக்குப் பக்கத்து ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் நடப்பட்டன. 1952இல் சீனாவோடு செய்த ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி எடுத்தோம். சோற்றுக்காக இறப்பரைக் கொடுத்த நாட்டில், உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு இறப்பர்த் துண்டுக்கு ஜப்பானிலிருந்து தபால் வரும்வரை ஆறு கிழமை காத்திருந்தோம்.

அந்த ஆறு கிழமையில் ஒரு பேச்சு வந்தது. ஒரு கடைக்காரர் பொலியூரித்தேன் புஸ் கையிலிருக்கு, நாளைக்கே அனுப்பலாம் என்றார். இறுக்கமானது, வாழ்நாளுக்கும் போதும் என்றார். பந்தய வண்டிக்கு அது சரி, நான் மறுக்கவில்லை. ஆனால் ரோட்டில் ஓடும் வண்டிக்கு நான் போடமாட்டேன். முன்னொரு தரம் வேறொரு வண்டிக்குப் போட்டுப் பார்த்தேன். ‘டக்’ நின்றது, அதற்குப் பதில் பல்லு சுழலும் ஊளைச்சத்தம் இருக்கை வரைக்கும் வந்தது. அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குப் போய்வந்த வீட்டுக்காரர் தலையிடியோடு இறங்கினார். அதை நான் மறக்கவில்லை. இயற்கை இறப்பருக்கு ஒரு குணம் உண்டு. கடுமையாக இழுபடும்போது அதன் இழைகள் வரிசைப்பட்டுப் பளிங்குபோல இறுகி, வெடிப்பு பரவாமல் தடுக்கும். விட்டால் பழையபடி இளகும். இந்தக் காலத்திலும் தாங்கிகளுக்கு அதைத் தேடுவது அதனால்தான்.

வேலையில் கடினம் பழையதைக் கழற்றுவது. சட்டத்தை அவிழ்க்கு முன்னமே கியர்பெட்டி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து சுவரில் எழுதிவைத்தேன். அதைச் செய்யாதவன் பிறகு அதிர்வோடு அலைவான். புகைக்குழாய், நெடுந்தண்டு, சட்டம் என்று ஒவ்வொன்றாக இறக்கி, ஜக்கில் தாங்கி டிபரன்சலைக் கீழே எடுத்தோம்.

“எரிச்சிட்டா லேசு காக்கா,” என்றான் தம்பி, காஸ் விளக்கைக் காட்டி.

“வேணாம். அந்தப் புகையக் குடிச்சா நெஞ்சு தாங்காது. அலுமினியமும் கெட்டுப் போகும்.”

இறப்பரைச் சுற்றித் துளை துளையாகப் போட்டு நடுக்குழாயைத் தள்ளி எடுத்தோம். மிஞ்சிய உருக்கு ஓட்டை உள்ளிருந்து இரும்புவாளால் அறுத்தேன். ஓடு மெல்லியது, அதற்குப் பின்னால் அலுமினியம். வாள் இழுபடும் சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்த வேண்டும். ஒரு ஓட்டுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. அவசரமில்லை.

புதியதை ஏற்றுவதற்கு மீன் யாவாரியிடம் ரிஜிபோம் பெட்டி நிறைய ஐஸ் வாங்கினோம். உடைத்த ஐஸோடு உப்புக் கலந்தால் உறைநிலைக்கும் கீழே நன்றாக இறங்கும். உப்பு உருக்கில் படாமல் புஸ்களைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிப் புதைத்தோம். அலுமினிய இறக்கைக்குத் துணி சுற்றிக் கொதிதண்ணி ஊற்றினோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்கு வளையம் 45 பாகை குளிர்ந்தால் 0.03 மில்லிமீட்டர் அளவில் சுருங்கும். அதே அளவு அலுமினியத் துளை 50 பாகை சூடேறினால் 0.06 விரியும். இரண்டையும் கூட்டினால் ஒரு தலைமயிர்த் தடிப்பு. அந்தத் தலைமயிருக்காகத்தான் இவ்வளவும். பழைய புஸ் எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் அடையாளம் வைத்து, நீட்டு மரையாணியும் குழாய்த் துண்டும் கொண்டு இழுத்தோம். கிறீஸ் பூசவில்லை, சவர்க்காரத் தண்ணி மட்டும்தான்.

சஸ்பென்சன் கை புஸ் என்றால் வண்டி சில்லில் நின்ற பிறகே கடைசி இறுக்கு. இதில் ஆணி செங்குத்தாக நிற்பதால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. கசிந்த சீலையும் மாற்றினோம், இல்லாவிட்டால் புது இறப்பரும் அதே ஒயிலைக் குடிக்கும். சட்டத்தைச் சுவரிலிருந்த அளவுக்குத் தூக்கி நிறுத்தி இறுக்கினேன்.

இஷாவுக்குப் பிறகு ஒலுவில் கடந்து களியோடைப் பாலம் வரைக்கும் போனோம். முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர். தம்பி ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விட்டான். பாலத்தில் வண்டியை மெதுவாக்கித் திரும்ப ஏற்றினான். ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் இடது பின்சில்லுப் பக்கம் ஒரு மெல்லிய முனகல் கேட்டது. இவ்வளவு நாளும் ‘டக்’ அதை மூடி வைத்திருந்தது. போல்பேரிங் என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை சில்லைக் கழற்றிப் பார்ப்போம்.