கேக் வாங்காதே! 400 பாதிரியார்கள் ஒரே குரல், பணிந்தது கம்பெனி!

மாசம் 10 டாலர் போட்டுக் கடை வீதியே கட்டிய கறுப்பின மக்கள்

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு பெரிய நகரம். 1960-ம் வருஷம் கோடைகாலம். அந்த ஊர் தெருமுனைக் கடைகளில் திடீரென்று கேக் விற்பனை படுத்துவிட்டது!

எல்லா கேக்கும் அல்ல. "டேஸ்டி" கம்பெனி கேக் மட்டும். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பெயர் அது. கறுப்பர்கள் குடியிருக்கும் பகுதிகளில் சக்கைப்போடு போட்ட சரக்கு. அது இப்போது சீந்துவாரில்லாமல் அலமாரியில் கிடந்தது.

கல்லெறி இல்லை. கடையடைப்பு இல்லை. போலீஸ் தடியடியும் இல்லை. பின்னே என்னதான் நடந்தது?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஊரில் உள்ள சுமார் 400 கறுப்பினப் பாதிரியார்கள் அவரவர் சர்ச்சில் பிரசங்கம் செய்தார்கள். முடிக்கும்போது எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். "இனி டேஸ்டி கேக் வாங்க வேண்டாம்" என்பதுதான் அது. அவ்வளவுதான், வேலை முடிந்தது!

என்ன தகராறு?

அந்தக் கம்பெனியில் கறுப்பர்களுக்கு வேலையே இல்லையா? இருந்தது. ஆனால் எல்லாம் அடிமட்ட வேலை. வேனில் சரக்கு ஏற்றிக் கடை கடையாகப் போட்டு, கை நிறைய சம்பாதிக்கும் விற்பனை டிரைவர் வேலையில் ஒரு கறுப்பர்கூட இல்லை. ஆபீசில் குமாஸ்தா வேலையும் கிடையாது.

பாதிரியார்கள் கேட்டது மலையளவு அல்ல. 2 டிரைவர் வேலை, 2 குமாஸ்தா வேலை, கேக் மேல் சர்க்கரைப் பூச்சு பூசும் பிரிவில் 3 அல்லது 4 பெண்களுக்கு வேலை. விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கம்பெனி மசியவில்லை. நாலு பாதிரியார்கள் சேர்ந்து என்ன கிழித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள் போலும். ஆனால் வந்தது நாலு பேர் அல்ல, நானூறு பேர்! சுமார் இரண்டு மாசம் ஓடியது. ஆகஸ்டு மாசம் கம்பெனி இறங்கி வந்தது. கேட்ட வேலைகளைக் கொடுத்தது. அடுத்து பாதிரியார்கள் சர்ச்சில் மறுபடி சொன்னார்கள். கேக் மறுபடி விற்றது.

யார் அந்த ஆசாமி?

இதற்கு மூளையாக இருந்தவர் லியான் சலிவன். சீயோன் பாப்டிஸ்ட் சர்ச்சின் பாதிரியார். ஆள் 6 அடி 5 அங்குல உயரம். கூட்டத்தில் நின்றால் தலை தனியாகத் தெரியும்.

1922-ம் வருஷம் மேற்கு விர்ஜீனியா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஏழைக் குடும்பம். பாட்டிதான் வளர்த்தார். சின்னப் பையனாக இருந்தபோது காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கடைக்குப் போய், சோடா குடிக்க ஸ்டூலில் உட்கார்ந்தார். கறுப்பன் இங்கே உட்காரக் கூடாது என்று எழுப்பி விட்டார்கள். காசு மட்டும் செல்லும், காசு கொண்டுவந்தவன் செல்லமாட்டான் என்ற கணக்கு! அந்தக் கணக்கை மாற்றுவதே அவர் வாழ்க்கையாகிவிட்டது.

விளையாட்டில் கெட்டிக்காரர் என்பதால் கல்லூரியில் உதவிப்பணம் கிடைத்தது. காலில் அடிபட்டது, உதவிப்பணமும் போயிற்று. உருக்கு ஆலையில் வேலை செய்துகொண்டே படிப்பை முடித்தார். 1950-ல் பிலடெல்பியா வந்தார். 38 வருஷம் அதே சர்ச்சில் இருந்தார்.

தலைவரே இல்லாத போராட்டம்

இந்தப் போராட்டத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. சங்கம் இல்லை. ஆபீஸ் இல்லை. வசூலும் இல்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் வேறு வேறு பாதிரியார்கள் போய்ப் பேசினார்கள். யாரை வளைப்பது, யார் மேல் வழக்குப் போடுவது என்று கம்பெனிக்குத் தெரியாது!

முதலில் நாலைந்து பேர் கம்பெனிக்குப் போவார்கள். மொத்தம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் கறுப்பர் எத்தனை பேர், எந்த வேலை, என்ன சம்பளம் என்று விசாரிப்பார்கள். பிறகு, குறைந்தபட்சம் இத்தனை வேலை வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும் என்பார்கள். கெடு முடிந்தும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஞாயிறு இருக்கவே இருக்கிறது.

டேஸ்டிக்குப் பிறகு பெப்சி கோலா, கல்ப் ஆயில், சன் ஆயில், பிரையர்ஸ் ஐஸ்கிரீம், ஏ அண்டு பி பலசரக்குக் கடைகள் என்று பட்டியல் நீண்டது. ஊரின் பிரபல மாலைப் பத்திரிகையான "ஈவினிங் புல்லட்டின்"கூடத் தப்பவில்லை! கறுப்பர்களும்தான் காசு கொடுத்துப் பேப்பர் வாங்குகிறார்கள், அவர்களுக்கும் வேலை கொடு என்று அங்கேயும் போய் நின்றார்கள். பல கம்பெனிகள் பேச்சு வார்த்தையிலேயே வழிக்கு வந்துவிட்டன. சுமார் 2 ஆயிரம் நல்ல வேலைகள் திறந்தன என்பது பாதிரியார்கள் தரப்புக் கணக்கு.

சேதி தெற்கே பரவியது. மார்ட்டின் லூதர் கிங் சலிவனை அழைத்து விவரம் கேட்டார். 1962-ல் கிங்கின் இயக்கம் அட்லாண்டா நகரில் இதே வழியில் வேலைவாய்ப்புப் போராட்டம் தொடங்கியது.

வேலை இருக்கு, ஆள் இல்லை!

இங்கேதான் கதையில் ஒரு திருப்பம். கதவு திறந்தது. உள்ளே போக ஆள் பற்றவில்லை! பல வருஷம் தரையைக் கூட்டவும் மூட்டை தூக்கவும் மட்டுமே விடப்பட்டவர்களுக்கு மெஷின் ஓட்ட யார் கற்றுக் கொடுத்தார்கள்?

சலிவன் சும்மா இருக்கவில்லை. வடக்கு பிலடெல்பியாவில் பாழடைந்து கிடந்த பழைய போலீஸ் ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்தார். 1964 ஜனவரியில் அதைத் தொழிற்பயிற்சிப் பள்ளியாக்கினார். நேற்றுவரை கறுப்பு வாலிபர்களை லாக்கப்பில் போட்ட கட்டடம், அதே வாலிபர்களுக்கு எலெக்ட்ரானிக்சும் லேத் வேலையும் தையல் மெஷினும் சொல்லித் தந்தது.

வெறும் தொழில் மட்டும் அல்ல. எழுதப் படிக்க, கணக்குப் போட, இண்டர்வியூவில் எப்படி உட்கார வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பதிலிருந்து தொடங்கினார்கள்.

அதே வருஷம் ஆகஸ்டு மாசக் கடைசியில் அந்தப் பகுதியில் பெரிய கலவரம் வெடித்தது. கடைகள் சூறையாடப்பட்டன. வேலையில்லாத தெரு எப்படிக் கொதிக்கும் என்பதை ஊர் கண்ணால் பார்த்தது. 1967-ல் ஜனாதிபதி ஜான்சனே இந்தப் பயிற்சிப் பள்ளியைப் பார்க்க வந்தார். பிறகு பல நகரங்களில் கிளைகள் திறந்தன. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போயிற்று.

மாசம் 10 டாலர்!

அடுத்தது கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி. 1962-ல் ஒரு ஞாயிறு, சலிவன் தன் சபையாரிடம் ஒரு யோசனை சொன்னார். மாசம் 10 டாலர், 36 மாசம். ஆக 360 டாலர். 50 பேர் முன்வந்தால் போதும் என்றார். 227 பேர் பெயர் கொடுத்தார்கள்!

இது நம்ம ஊர்ச் சீட்டு மாதிரி அல்ல. ஏலம் கிடையாது, தள்ளும் கிடையாது. முதல் 16 மாசப் பணம், அதாவது 160 டாலர், தர்ம டிரஸ்டுக்கு. படிப்பு, குடியிருப்பு போன்ற பொதுக் காரியம். திரும்பி வராது. பாக்கி 20 மாசப் பணம் 200 டாலர், வியாபாரக் கம்பெனியில் முதலீடு. முடிவில் ஒரு பங்கு, ஒரு ஓட்டு. முதலில் கொடு, பிறகு லாபம் பார் என்பது ஏற்பாடு.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வாரக்கூலிக்காரர்கள்தான். பிறகு ஆட்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பணம் பெருகியது. முதலில் அடுக்குக் குடியிருப்பு கட்டினார்கள். மக்கள் சேமிப்பைக் கைமுதலாகக் காட்டி பாங்கியில் கடன் வாங்கினார்கள். 1968 அக்டோபரில் பிராட் ஸ்ட்ரீட்டில் "புரோகிரஸ் பிளாசா" என்ற கடை வளாகம் திறந்தது. செலவு சுமார் 17 லட்சம் டாலர். கறுப்பர்களே சொந்தமாகக் கட்டி நடத்திய வளாகங்களில் அமெரிக்காவில் இதுவே முதல் என்று சொல்கிறார்கள். முன்பு எந்தக் கடையில் வாங்காதே என்று பிரசங்கம் செய்தார்களோ, அந்த ஏ அண்டு பி, இவர்கள் வளாகத்தில் வாடகைக்கு வந்து உட்கார்ந்தது!

முதலாளிகள் நடுவில் ஒரு குரல்

1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி சலிவனை டைரக்டர் ஆக்கியது. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் கறுப்பர் அவர். வாயை அடைக்கவா நாற்காலி? அந்த வருஷப் பங்குதாரர் கூட்டத்திலேயே எழுந்தார். நிறவெறி ஆட்சி நடக்கும் தென்னாப்பிரிக்காவை விட்டுக் கம்பெனி வெளியேற வேண்டும் என்று தன் நிர்வாகத்துக்கு எதிராகவே பேசினார். தீர்மானம் தோற்றது.

1977-ல் வேறு வழி பார்த்தார். தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 6 விதிகள் வகுத்தார். சாப்பாட்டு அறையிலும் கழிவறையிலும் நிறம் பார்க்கக் கூடாது, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், கறுப்பர்களுக்குப் பயிற்சி, மேல்பதவி என்று அவை போயின. முதலில் 12 கம்பெனிகள் ஒப்புக்கொண்டன. பிறகு நூற்றுக்கு மேல் ஆயின.

ஆனால் எதிர்ப்பும் பலமாக இருந்தது. சிறைக்கம்பிக்கு வர்ணம் பூசி என்ன பயன் என்று நிறவெறி எதிர்ப்பாளர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. 1985-ல் சலிவன் இரண்டு வருஷக் கெடு வைத்தார். நிறவெறிச் சட்டம் ஒழியவில்லை. 1987 ஜூனில், எல்லாக் கம்பெனிகளும் வெளியேறட்டும் என்று அவரே அறிவித்தார். தான் வகுத்த விதி போதவில்லை என்று ஊரறியச் சொல்ல எத்தனை தலைவர்களுக்கு மனசு வரும்?

இப்போது என்ன ஆயிற்று?

சலிவன் 2001 ஏப்ரலில் காலமானார். எல்லாமே வெற்றி என்று சொன்னால் அது பொய். அந்த மக்கள் சேமிப்பில் தொடங்கிய சில தொழில்கள் நிலைக்கவில்லை. பிளாசாவிலும் சோதனை வந்தது. அங்கிருந்த பெரிய பலசரக்குக் கடை மூடிவிட, சுமார் 10 வருஷம் நல்ல காய்கறி வாங்கக்கூட அக்கம்பக்கத்து ஜனங்கள் தூரம் போக வேண்டியிருந்தது. வடக்கு பிலடெல்பியாவில் வறுமையும் ஒழிந்துவிடவில்லை.

ஆனால் வளாகம் கைமாறவில்லை. பழுது பார்த்தார்கள். 2009 டிசம்பரில் புதிய பலசரக்குக் கடை திறந்தது. 2010 பிப்ரவரியில் ஜனாதிபதியின் மனைவி மிச்செல் ஒபாமா அந்தக் கடைக்கே வந்து பார்த்தார். வளாகத்துக்கு இப்போது சலிவன் பெயர்.

கடைக்காரருக்கு வாடிக்கையாளர் யார் என்று தெரியும். தான் வாடிக்கையாளர் என்பது அந்த வாடிக்கையாளருக்கே தெரிந்துவிட்டால்? பிலடெல்பியாவில் ஒரு கேக் கம்பெனிக்கு அது இரண்டே மாசத்தில் புரிந்துவிட்டது!