ஒரே பாதை, இரண்டு பொருள்

கணிப்பொறியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரிக்குப் 'பாதை' என்று பெயர். /ஹோம்/மலர்/பாடம் என்று எழுதினால், 'ஹோம்' என்னும் கோப்பகத்தினுள் 'மலர்', அதனுள் 'பாடம்' என்று பொருள். இதில் குழப்பத்துக்கு ஏது இடம் என்கிறீர்களா? அந்த முகவரியை யார் படிக்கிறார் என்பதில்தான் குழப்பமே!

யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கியது. லினக்ஸ் அதன் வழியில் வந்தது. இவற்றில் நாம் தட்டும் கட்டளையை முதலில் படிப்பது 'ஷெல்' என்ற நிரல். அது கட்டளையை அப்படியே அனுப்புவதில்லை. மாற்றி எழுதியே அனுப்புகிறது. சொல்லின் தொடக்கத்தில் ~ என்ற அலைக்குறியைக் கண்டால், அதை நீக்கிவிட்டு நமது சொந்தக் கோப்பகத்தின் முழு முகவரியை அங்கே எழுதிவிடும். ~/பாடம் என்பது /ஹோம்/மலர்/பாடம் ஆகிவிடும். ஆகவே, ஷெல்லில் ~/பாடம் என்று கொடுத்து எடிட்டரைத் திறந்தால், எடிட்டரின் கைக்கு அந்த அலைக்குறி போய்ச் சேர்வதே இல்லை.

(வீட்டுக்கும் அலைக்கும் என்ன உறவு? 1970-களில் புழங்கிய ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் 'ஹோம்' என்ற சொல்லும் அலைக்குறியும் ஒரே விசையில் இருந்தன!)

எடிட்டரைத் திறந்தபின் அதனுள்ளேயே பாதையைத் தட்டினால்? அங்கே ஷெல் குறுக்கிடுவதில்லை. எடிட்டரை எழுதியவர் வைத்ததே விதி. விம் என்ற எடிட்டர் (பாத்திரம் துலக்கும் பொடி அல்ல!) அலைக்குறியைத் தானே விரித்துக்கொள்ளும். ஈமாக்ஸ் எடிட்டரும் அப்படியே. ஆனால் ஈமாக்ஸுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. /ஹோம்/மலர்//பொது/விதி என்ற பாதையைப் பாருங்கள். நடுவே இரண்டு சாய்கோடுகள். ஷெல்லில் தட்டினால் அவை ஒரே கோடாகக் கொள்ளப்படும். 'மலர்' கோப்பகத்தினுள் தேடல் நடக்கும். ஈமாக்ஸோ, இரட்டைக் கோட்டுக்கு முன்னால் உள்ளதையெல்லாம் தள்ளிவிட்டு /பொது/விதி என்று படிக்கும். ஏன்? கோப்பின் பெயரைக் கேட்கும்போதே அது ஒரு கோப்பகத்தின் முகவரியை எழுதி வைத்திருக்கும். அதை அழிக்கும் சிரமமின்றிப் புதிதாகத் தொடங்க இந்த ஏற்பாடு. நல்ல வசதிதான்; தெரிந்தவர்களுக்கு!

அலைக்குறியை விரிக்கத் தெரியாத நிரல்களும் இருக்கின்றன. இயக்க அமைப்பின் உட்கருவுக்கு அது 'அ', 'ஆ' போல வெறும் எழுத்து. எனவே அத்தகைய நிரல் ~ என்ற பெயரிலேயே ஒரு கோப்பகத்தை உண்டாக்கிவிடலாம். அதைக் கண்ட ஒருவர், "இது என்ன குப்பை?" என்று ஷெல்லில் ஆர்எம் -ஆர் ~ என்று தட்டுகிறார் எனக் கொள்வோம். (கட்டளையை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.) ஷெல் வழக்கம்போல் அலைக்குறியை மாற்றி எழுதுகிறது. அழிவது குப்பை அன்று. அவருடைய பாடங்கள், படங்கள், கடிதங்கள் அனைத்தும்! இந்தக் கட்டளை அழித்தவற்றைக் குப்பைத்தொட்டியிலும் தேட முடியாது.

அவர் ./~ என்று தட்டியிருந்தால் தப்பியிருப்பார். அலைக்குறி சொல்லின் தொடக்கத்தில் இல்லாததால் ஷெல் அதைத் தொடாது. மேற்கோள் குறிகளுக்குள் இட்டாலும் தொடாது.

ஆபத்தில்லாத ஒரு சோதனை: ஷெல்லில் எக்கோ ~ என்று தட்டுங்கள். பிறகு எக்கோ '~' என்று தட்டுங்கள். முதலில் உங்கள் கோப்பகத்தின் முகவரி வரும். அடுத்து வெறும் அலைக்குறி மட்டும் வரும்.