அமரம் பிடிக்கும் முன்

குமரி மாவட்டக் கடற்கரை ஊரான இனயத்தில் யாரும் முதல் நாளே அமரம் பிடித்து வள்ளத்தைச் செலுத்தியதில்லை. கரமடி வலை இழுக்கும்போது கயிற்றின் வால்முனையில் நிற்பது, மீனை இனம் பிரிப்பது, வள்ளத்துக்குள் ஏறும் தண்ணீரை இறைத்து ஊற்றுவது என்று சில்லறை வேலைகளில்தான் ஒரு பையனுக்குக் கடல் பழகியது. கரையில் தெரியும் மலைமுகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, “இதுக்கு நேர் கீழே பாரு கிடக்கு” என்று கடலடிப் பாறையை மூத்தவர் அடையாளம் சொல்வதை, தண்ணீர் இறைத்துக்கொண்டே அவன் கேட்டிருப்பான்.

இதே ஊர்ப் பிள்ளைகள் இப்போது சுங்கான்கடையிலும் குமாரகோவிலிலும் இன்ஜினீயரிங் படிக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. படித்து முடித்தால் கழக்கூட்டம் டெக்னோபார்க், இல்லையென்றால் சென்னை ஓ.எம்.ஆர். அங்கேயும் முதலில் கிடைப்பது தண்ணீர் இறைக்கிற வேலைதான். சின்னப் பிழையைத் திருத்து, டெஸ்ட் எழுது, பழைய படிவத்தில் ஒரு கட்டம் சேர். எழுதியதை மூத்தவர் பார்த்துத் திருப்பி அனுப்புவார். அந்தத் திருத்தங்களில்தான் தொழில் பிடிபடும்.

செயற்கை நுண்ணறிவு முதலில் கை வைத்திருப்பது இந்த இடத்தில்.

அது நிரல் எழுதும் விதத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை. பொதுவெளியில் கிடக்கும் கோடிக்கணக்கான வரி நிரல்களைப் படித்து, இதற்கு அடுத்து என்ன வரக்கூடும் என்று கணித்துக்கொண்டே போகிறது. 2021-இல் வந்த கிட்ஹப் கோபைலட் பாதி வரியை முடித்துக் கொடுத்தது. இன்றைய ‘ஏஜென்ட்’டுகள் தாங்களே எழுதி, ஓட்டிப் பார்த்து, பிழைச் செய்தியைப் படித்து, மறுபடி எழுதுகின்றன. பலமுறை எழுதப்பட்ட வேலை என்றால் கணிப்பு அநேகமாகச் சரியாகவே வரும். புதியவருக்குக் கொடுப்பதும் அதே ரக வேலைதானே?

அமெரிக்கச் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர்கள் 2025 ஆகஸ்டில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 22 முதல் 25 வயது வரையிலான மென்பொருள் பணியாளர் எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருந்தது. மூத்தவர்களுக்கு அப்படி இறங்கவில்லை. நம் நாட்டில் கதை அவ்வளவு நேராக இல்லை. 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது அடிபட்டவர்களில் பெரும்பாலோர் நடு, மேல் நிலைக்காரர்கள். ஏஐ காரணமல்ல, திறன் பொருந்தாமைதான் என்றது நிர்வாகம். ஆனாலும் ஆள் எண்ணிக்கைக்கும் மணிக்கணக்குக்கும் பில் போட்டு வளர்ந்த தொழிலுக்கு, மணிகள் சுருங்குவது நல்ல சகுனமல்ல.

மறுபக்கமும் உண்டு. மெட்டர் என்ற ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 நிரலாளர்களுக்கு அவர்களுக்கு நன்கு பழகிய நிரல் தொகுப்புகளிலேயே 246 வேலைகளைக் கொடுத்துப் பார்த்தது. ஏஐ துணையோடு செய்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. வேடிக்கை என்னவென்றால், 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் நம்பியிருந்தார்கள். கருவிகள் மாற மாற இந்த எண்களும் மாறும். ஆனால் கருவி தந்ததைச் சரிபார்க்கும் வேலை சும்மா வருவதல்ல என்பது அதில் தெரிந்தது.

தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையிலிருந்து சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு இதை வேறு விதமாகச் சொன்னார். 90 சதவீத நிரலை ஏஐ எழுதும் என்றால் ஒப்புக்கொள்கிறேன், நிரலாளர் எழுதுவதில் அவ்வளவும் திரும்பத் திரும்ப வரும் வார்ப்பு நிரல்தான் என்றார். கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1986-இல் பிரித்துக் காட்டிய இரண்டு சிக்கல்களை அவர் நினைவூட்டினார்: கருவியால் வரும் சிக்கல் ஒன்று, காரியத்திலேயே உள்ள சிக்கல் மற்றொன்று.

இரண்டாவதற்கு இனயத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஒகி புயல் வீசிய 2017 நவம்பர் இறுதியில் எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களை எட்டவில்லை. அலை உயரத்தைக் காட்டும் ஒரு செயலியை ஏஐ இன்று ஒரு மாலைப்பொழுதில் எழுதிவிடும். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனாலே செல்போன் சிக்னல் செத்துவிடும், ஈரக் கையால் திரையைத் தொட்டால் வேலை செய்யாது, இராத்திரி இரண்டு மணிக்கு வள்ளம் தள்ளுகிறவர் மீட்டர் கணக்கு பார்க்கமாட்டார் என்பதெல்லாம் கேட்டால்தான் அதற்குத் தெரியும். கேட்க வேண்டும் என்று தோன்றுவதற்கு ஆள் வேண்டும்.

ஜிபிஎஸ் வந்தபோதும் இப்படித்தான் ஆயிற்று. மலைமுகடு பார்த்துப் பழகியவர்களுக்கு அது கூடுதல் கண். அதோடு மட்டுமே கடலுக்கு வந்தவர்களுக்கு அது ஒன்றே கண். பேட்டரி தீர்ந்தால் இருட்டு. புதியவர்களை எடுப்பதைக் குறைக்கிற கம்பெனிகள் பத்து வருஷம் கழித்து அமரம் பிடிக்க ஆளை எங்கே தேடும் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சோஹோ தன் பள்ளிகளில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துத் தொழில் பழக்குகிறது. மற்றவர்கள் கற்கிறவனுக்குச் சம்பளம் கொடுத்தது அவன் இறைத்த தண்ணீருக்காக. இனி தண்ணீரை இயந்திரம் இறைத்துவிடும்.

கடைசி வருஷ ப்ராஜெக்ட்டை ஏஐயிடம் எழுதி வாங்குகிற தம்பி தங்கைகளைத் திட்ட எனக்கு மனமில்லை. அதை வாங்கியதும், வள்ளத்துக்குப் போகிற சித்தப்பாவிடம் ஒரு வாரம் கொடுத்துவிட்டு, அவர் எந்தப் பொத்தானில் கெட்ட வார்த்தை சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு வரலாம்.