தலைசுற்றல் எல்லாம் பித்தம் அல்ல... காதையும் கொஞ்சம் கவனியுங்கள்!

தலை கிறுகிறுவென்று சுற்றினால், "பித்தமா இருக்கும், எலுமிச்சைச் சாற்றில் உப்பு போட்டுக் குடி" என்பதுதான் பல வீடுகளில் முதல் வைத்தியம். ஆனால், சுற்றலோடு ஒரு காதில் இரைச்சல் கேட்கிறதா? காது அடைத்ததுபோல் இருக்கிறதா? அப்படியென்றால் அது உள்காதுப் பிரச்னையான மெனியர் நோயாக இருக்கலாம். அதற்கு உப்பு ஆகாது!

உள்காதில் இருக்கும் திரவம்தான் நாம் தடுமாறாமல் நிற்க உதவுகிறது. அது அளவுக்கு மீறித் தேங்கும்போது சுற்றல், வாந்தி, இரைச்சல், காது மந்தம் எல்லாம் சேர்ந்து வரும். சுற்றலுக்கு மூளை மட்டுமே காரணமல்ல, காதும்தான் என்று 1861-ல் சொன்னவர் பாரிஸ் மருத்துவர் ப்ராஸ்பர் மெனியர்.

எது எந்தச் சுற்றல்?

படுக்கையில் திரும்பும்போது சில விநாடிகள் மட்டும் சுற்றினால், அது பெரும்பாலும் காதுக்குள் இருக்கும் நுண்துகள்கள் இடம் மாறியதால் வருவது. மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட விதமாகத் திருப்பியே சரிசெய்துவிடுவார். மெனியர் சுற்றலோ 20 நிமிடங்கள் முதல் பல மணி நேரம்வரை நீடிக்கும்.

படிப்படியான சிகிச்சை

முதல் படி, உப்பைக் குறைப்பது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள். அடுத்து, நீர் பிரியும் மாத்திரை, பீட்டாஹிஸ்டின் போன்றவை. பீட்டாஹிஸ்டின் குறித்து ஜெர்மனியில் 221 பேரிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சுற்றல் அதே அளவு குறைந்திருந்தது. அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள்.

மாத்திரைக்குக் கட்டுப்படாவிட்டால், காது ஜவ்வு வழியாக ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். ஜென்டாமைசின் ஊசியும் சுற்றலை அடக்கும். ஆனால், கேட்கும் திறன் குறைய வாய்ப்புண்டு.

ஆபரேஷன் எப்போது?

கடைசியாகத்தான். திரவப் பையின் அழுத்தத்தைக் குறைப்பது ஒரு முறை. இதன் பலன் குறித்து நிபுணர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சமநிலை நரம்பைத் துண்டிப்பது இன்னொரு முறை; இதில் கேட்கும் திறனைக் காப்பாற்ற முடியும். ஆனால், மண்டையோட்டைத் திறக்க வேண்டும். மூன்றாவது, உள்காதின் சமநிலை உறுப்பையே அகற்றுவது. அந்தக் காது முற்றிலும் கேட்காமல் போகும் என்பதால், ஏற்கெனவே அதில் கேட்கும் திறனை இழந்தவர்களுக்கே இது பொருந்தும்.

அமெரிக்க விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்டை இந்த நோய் பல ஆண்டுகள் பறக்கவிடாமல் முடக்கியது. காதில் ஆபரேஷன் செய்துகொண்ட அவர், 1971-ல் நிலவில் நடந்தார்!

டூ வீலர்காரர்கள் கவனத்துக்கு...

மெனியர் சுற்றல் சொல்லிக்கொண்டு வராது. நல்லம்பள்ளியிலிருந்து தொப்பூர் கணவாய் வழியாக சேலம் போய் வருபவர்கள், சுற்றல் கட்டுக்குள் வரும்வரை வண்டி ஓட்டாதீர்கள். தேதி, எவ்வளவு நேரம் சுற்றியது, எந்தக் காதில் இரைச்சல் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். செவித்திறன் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சுற்றலோடு பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ, கை கால் மரத்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்!